அந்த நாலரை அடி லேத் ஓடுகிறது

மாப்ளே,

போனில் பாதியில் விட்ட கதையை எழுதிவிடுகிறேன். கோவை கணபதியில் மூடிய பட்டறையிலிருந்து நான் எடுத்து வந்த நாலரை அடி லேத்தை (கடைசல் மெஷின்) உக்கடத்தில் எடைக்குப் போடச் சொன்னாயே, போன ஞாயிறு அதில் ஒரு புஷ் கடைந்தேன்.

துரு பெரிய விஷயமாக இல்லை. டீசலில் ஊறவைத்துத் தேய்த்ததில் போய்விட்டது (மண்ணெண்ணெய்க்கு இப்போது எங்கே போவது?). டூலைச் சுமக்கும் கேரேஜ் நகர்கிற தண்டவாளமான பெட்தான் தொல்லை. வேலைத் துண்டைப் பிடிக்கும் சக் பக்கம் ஒரு அடி தூரத்திலேயே இத்தனை வருஷமும் வேலை நடந்திருக்கிறது போல, அங்கே மட்டும் தேய்ந்து கிடக்கிறது, அந்த இடத்துக்கு ஏற்ற மாதிரி ஜிப்பை (கேரேஜின் ஆட்டத்தைக் குறைக்கும் பட்டை) இறுக்கினால், மறுகோடியில் டெயில் ஸ்டாக் பக்கம் போகும்போது கேரேஜ் சிக்கி நின்றுவிடுகிறது. கிரைண்டிங்குக்குக் கேட்ட காசில் இன்னொரு பழைய லேத் வாங்கலாம். விட்டுவிட்டேன். சக் மாட்டும் தண்டான ஸ்பிண்டிலின் கன்மெட்டல் புஷ்ஷை மட்டும் இறுக்கி, கட்டையால் நெம்பி டயல் வைத்துப் பார்த்தால் 0.12 மி.மீ. இருந்த ஆட்டம் 0.03-க்கு வந்துவிட்டது. எனக்கு அது போதும்.

அப்புறம் மோட்டார். 1 ஹெச்பி, 415 வோல்ட், த்ரீ பேஸ். ஷெட்டில் இருப்பதோ சிங்கிள் பேஸ். விஎஃப்டி (மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ்) போட்டால் 230-ஐ வாங்கி மூன்று பேஸாக்கித் தரும், ஆனால் அதுவும் 230-தான், மோட்டாரின் சுருள்களை ஸ்டார் இணைப்பிலிருந்து 230-க்கு ஏற்ற டெல்டா இணைப்புக்கு மாற்றியாக வேண்டும். இதில் வெளியே வந்ததே மூன்று வயர், மூன்று சுருளும் சேரும் ஸ்டார் பாயிண்ட் உள்ளே புதைந்து கிடந்தது. வைண்டிங் கடைக்காரர் மூங்கில் குச்சியால் வார்னிஷ் ஏறிய நூலை மெல்லக் கிளறி, அந்த முடிச்சைக் கண்டுபிடித்துப் பிரித்து ஆறு வயராக வெளியே எடுத்துக் கொடுத்தார். பல் டாக்டர் கூட அவ்வளவு பொறுமையாக இருக்க மாட்டார்.

விஎஃப்டிக்கும் மோட்டாருக்கும் நடுவே ஸ்விட்ச் கூடாது என்பதால் பழைய ரிவர்ஸ் ஸ்விட்சின் வயரைக் கண்ட்ரோல் டெர்மினலுக்குக் கொண்டுபோனேன். அங்கேதான் புத்தி கெட்டது. ஓடிக்கொண்டிருக்கும்போதே ரிவர்ஸில் தள்ளினேன், டிரைவ் சமர்த்தாக நின்று திரும்பியது, மரை போட்ட சக் கழன்று பெட்டில் டமாரென்று விழுந்தது. கால் தப்பியது. பெட்டில் ஒரு வடு. இப்போது அந்த ரிவர்ஸ் வயரையே பிடுங்கிவிட்டேன்.

வேகத்துக்காகப் பெல்ட் மாற்றும் தொல்லை ஒழிந்ததா என்று கேட்டாய். பாதிதான். முதல் நாள் ஆசையில் 50-லிருந்து 10 ஹெர்ட்ஸுக்கு இறக்கி ஒரு வார்ப்பின் முகப்பை ஃபேஸிங் செய்தேன், டூல் கடித்த உடனே மோட்டார் முனகி நின்றுவிட்டது. வேகம் ஐந்தில் ஒன்றானால் பவரும் ஐந்தில் ஒன்றுதானே, வேகத்தைக் குறைக்கும் பேக் கியர் போட்டால் இழுவை கூடுகிற மாதிரி இதில் கூடாது. ஃபேனும் அதே ஷாஃப்டில் இருப்பதால் மெதுவாக ஓடினால் மோட்டார் சூடேறுகிறது. ஆகவே பெரிய வேலைக்குப் பேக் கியர், நடுவில் கூட்டிக் குறைக்க நாப், 25-லிருந்து 60 ஹெர்ட்ஸுக்குள். கடையும்போதே நாப்பைத் திருகி டூல் கத்துவதை அடக்கும் சுகம் இருக்கிறதே, அதற்கே செலவு தகும்.

சரி, ஒரு உதவி. மரை போடும்போது கேரேஜை நகர்த்தும் லீட் ஸ்க்ரூ இன்ச் கணக்கு, 127 பல் சேஞ்ச் கியர் மட்டும் செட்டில் இல்லை, அது இல்லாமல் மில்லிமீட்டர் மரை துல்லியமாக வராது. 63 பல் கியரை வைத்து ஒப்பேற்றினால் நீளமான மரையில் நட் பாதியில் இறுகிவிடும். அம்பத்தூர் பக்கம் எங்காவது கண்ணில் பட்டால் விலை கேட்டுச் சொல். மற்ற கியர் ஒன்றைப் பார்சலில் அனுப்புகிறேன், பல்லை ஒட்டிப் பார்த்து வாங்கு.

உன் மாப்ளே