கட்டுரைக்குக் காசு தரும் தளங்களுக்கு: தொகையைக் கூட்டும் முன் கணக்கைக் காட்டுங்கள்

தமிழில் கட்டுரைத் தளம் நடத்துகிறவர்களுக்கும் இனிமேல் தொடங்கப்போகிறவர்களுக்கும்,

வணக்கம்.

"எழுதுங்கள், மாதாமாதம் சம்பாதியுங்கள்" என்று விளம்பரம் போடுகிறீர்கள். சம்பாத்தியத்தைப் பற்றி எங்களுக்குச் சண்டை இல்லை. அந்த "மாதாமாதம்" பற்றித்தான் இந்த மடல். கட்டுரைக்கு 200 ரூபாய் வந்தாலும் 2,000 ரூபாய் வந்தாலும், அது எந்தக் கணக்கில் வந்தது, எந்தத் தேதியில் கையில் கிடைக்கும், அடுத்த மாதம் எவ்வளவு குறையலாம் என்பது எழுதுகிறவருக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அது லாட்டரிச் சீட்டு. பால்காரருக்கும் வீட்டுக்காரருக்கும் லாட்டரியை நம்பித் தவணை சொல்ல முடியாது.

முதல் கோளாறு, நீங்கள் எதை எண்ணுகிறீர்கள் என்பதில் இருக்கிறது. சொல்லுக்கு இத்தனை பைசா என்பது ஆங்கிலத்துக்குத் தைத்த சட்டை. "வந்துகொண்டிருந்தவர்களுக்கெல்லாம்" என்பது தமிழில் ஒரே சொல். சொல்லுக்கு 40 பைசா என்றால் இதற்கு 40 பைசா. இதையே "வந்து கொண்டு இருந்தவர்களுக்கு எல்லாம்" என்று இடம்விட்டுத் தட்டினால் நாலு சொல், 1 ரூபாய் 60 பைசா. இனி யார் சேர்த்து எழுதுவார்? "செய்ய பட்டு உள்ளது" என்று ஒடிந்த தமிழ் உங்கள் தளமெங்கும் கிடப்பதைப் பார்த்து, எழுதுகிறவர்களுக்கு இலக்கணம் தெரியவில்லை என்று உங்கள் பிழைதிருத்துநர் தலையில் அடித்துக்கொள்கிறார். அவர் ஒருமுறை உங்கள் கட்டண அட்டவணையையும் பார்க்கட்டும்.

சரி, எழுத்தை எண்ணலாம் என்றால் அதிலும் ஒரு பள்ளம் உண்டு. நமக்கு "தமிழ்" மூன்றெழுத்து. யூனிகோடில் அது ஐந்து குறியீடு: த, ம, மேல்விலங்கு, ழ, புள்ளி. "300 எழுத்துக்குள் சுருக்கம் தருக" என்று நீங்கள் வைத்திருக்கும் பெட்டி, இந்த விகிதத்தில், 180 எழுத்திலேயே கதவைச் சாத்திவிடும். வரம்பு வைப்பதானால் எந்த எண்ணிக்கை என்று பெட்டிக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள்.

எங்கள் கேட்பு எளிது. சொல்லையும் எழுத்தையும் விட்டுவிட்டு, கட்டுரைக்கு இவ்வளவு என்று வேலையின் தரத்தைப் பார்த்து விலை வையுங்கள். கையில் இருக்கும் தகவலைத் தொகுத்து எழுதுவது ஒரு விலை. அரசாணை, படிவம், கட்டண விவரம் எல்லாவற்றையும் மூலத்தோடு ஒத்துப்பார்த்து எழுதுவது அடுத்த விலை. நேரில் போய்ப் பார்த்து, சொந்தப் படத்தோடு எழுதுவது அதற்கும் மேல். மூன்று விலை போதும். எழுத உட்காரும் முன்னாலேயே தொகை தெரிந்துவிடும்.

படிப்பவர் எண்ணிக்கையை வைத்துத்தான் தருவோம் என்கிறீர்களா? தரலாம். ஆனால் எந்த அளவுகோலை வைக்கிறீர்களோ அதற்கேற்பத்தான் எழுத்து வளைகிறது. அமேசானின் மாதச் சந்தா மின்னூல் திட்டமான கிண்டில் அன்லிமிடெட்டில் 2015 ஜூன் வரை, இரவல் எடுத்த புத்தகத்தில் பத்து சதவீதம் படிக்கப்பட்டாலே முழுத் தொகை. பத்துப் பக்கப் புத்தகமும் ஐந்நூறு பக்கப் புத்தகமும் ஒரே விலை என்றானதும் நூலை நறுக்கி நறுக்கி விற்றார்கள். படித்த பக்கத்துக்குப் பணம் என்று மாற்றியதும், வேண்டாத பக்கங்களைத் திணித்துப் புத்தகத்தை ஊதிப் பெருக்கினார்கள். ஆங்கிலக் கட்டுரைத் தளமான மீடியம் 2017இல் வாசகர் அழுத்தும் "கைதட்டல்" பொத்தானை எண்ணிப் பணம் தந்தது, 2019இல் படிக்கும் நேரத்துக்கு மாறியது, 2023இல் இரண்டையும் கலந்து, குறைந்தது 30 விநாடி படித்திருக்க வேண்டும் என்றது. பெரிய தளமே அளவுகோலை இரண்டு தடவை மாற்றியிருக்கிறது. நீங்களும் மாற்றத்தான் வேண்டியிருக்கும். மாற்றுங்கள், ஆனால் மூன்று மாதம் முன்னால் சொல்லிவிட்டு, ஏற்கெனவே வெளிவந்த கட்டுரைகளுக்கு எந்த விதி பொருந்தும் என்றும் எழுதிவைத்து மாற்றுங்கள்.

நேரத்தை அளப்பதிலும் ஒரு சிக்கல். "4 நிமிட வாசிப்பு" என்று தலைப்புக்குக் கீழே போடுகிறீர்களே, அது நிமிடத்துக்கு 265 சொல் என்று மீடியம் ஆங்கிலத்துக்கு வைத்த வேகம். ஆயிரம் சொல் உள்ள தமிழ்க் கட்டுரையை அந்த வாய்ப்பாட்டில் போட்டால் நாலு நிமிடம்கூட வராது. நம் சொற்களின் நீளத்துக்கு வாசகர் அதைவிடக் கூடுதல் நேரம் எடுப்பார். கணிப்பு நேரத்துக்கு மேல் படித்ததை எண்ண மாட்டோம் என்று விதி வைத்திருக்கும் தளத்தில் அந்தக் கூடுதல் நேரமெல்லாம் எழுதியவருக்கு நஷ்டம். பத்துக் கட்டுரையை எடுத்து, இருபது வாசகரிடம் கொடுத்து, கடிகாரத்தோடு அளந்து உங்கள் எண்ணை நீங்களே கண்டுபிடியுங்கள். ஒரு நாள் வேலை.

இனி சந்தாப் பணத்தைப் பங்கிடுவது. கட்டுரையாளர் நிலையாகச் சம்பாதிக்க முடியாமல் போவது பெரும்பாலும் இங்கேதான், ஆனால் யாரும் பேசுவதில்லை. நம் தளங்களில் தொடர்கதைதான் ராஜா. அதில் தவறில்லை. கதை படிப்பவர் மாதம் முழுக்க அத்தியாயம் அத்தியாயமாகப் போவார். கட்டுரை படிப்பவர் தேவைக்கு வந்து, நாலைந்து படித்துவிட்டுப் போவார். இரண்டு பேரும் ஒரே சந்தாதான் கட்டுகிறார்கள்.

ஜிஎஸ்டி, ஆப் கடையின் பங்கு, உங்கள் செலவு எல்லாம் போக ஒரு சந்தாவில் எழுதுகிறவர்களுக்கு 35 ரூபாய் மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் வாசகர் 5 கட்டுரை படிக்கிறார். இரண்டாமவர் 65 அத்தியாயம் படிக்கிறார். மொத்தம் 70 ரூபாய், 70 வாசிப்பு. எல்லாவற்றையும் ஒரே உண்டியலில் போட்டுப் பிரித்தால் வாசிப்புக்கு ஒரு ரூபாய்: கட்டுரைகளுக்கு 5, கதைகளுக்கு 65. கட்டுரைக்காகவே சந்தா கட்டிய முதல் வாசகரின் 35 ரூபாயில் 30 ரூபாய், அவர் திறந்தே பார்க்காத கதைகளுக்குப் போய்விட்டது. இதற்குப் பதில், அவரவர் சந்தாவை அவரவர் படித்ததற்குள் மட்டும் பிரித்தால் கட்டுரைக்கு 35, கதைக்கு 35. கட்டுரை ஒன்றுக்கு 7 ரூபாய்.

தொகை கூடுவது ஒரு பக்கம். உண்டியல் முறையில், யாரோ ஒருவரின் தொடர் அடுத்த மாதம் சூடு பிடித்தாலே, எங்கள் கட்டுரையை அதே ஐந்து பேர் படித்தும் எங்கள் பங்கு சரியும். வாசகர்வாரியாகப் பிரித்தால் எங்கள் வாசகர் போனாலோ மற்றதைக் கூடுதலாகப் படித்தாலோதான் எங்கள் பணம் குறையும். நிலையான வருமானம் என்று நாங்கள் சொல்வது இதைத்தான். இதற்குக் கூடுதல் முதலீடு வேண்டாம். யார் எதைப் படித்தார் என்ற பதிவு உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

அடுத்தது தேதி. தளங்களில் விளம்பரம் போட்டு வருவாயில் பங்கு தரும் கூகுள் ஆட்சென்ஸ் 2018இல்தான் தமிழை ஏற்றுக்கொண்டது. தமிழ்ப் பக்கங்களில் விளம்பர வருவாய் சொற்பம். ஆனாலும் 100 டாலர் சேர்ந்தால் மறுமாதம் 21க்கும் 26க்கும் இடையில் பணம் என்று தேதி போட்டுச் சொல்கிறார்கள். கிண்டிலில் மாதம் முடிந்து ஏறக்குறைய 60 நாள். தாமதம்தான், ஆனால் தெரிந்த தாமதம். நம் தளங்களிலோ "1,000 ரூபாய் சேர்ந்த பிறகு எடுத்துக்கொள்ளலாம்" என்பார்கள். மாதம் 180 ரூபாய் வருகிறவருக்கு ஆறாவது மாதம்தான் கதவு திறக்கும். அதுவரை அவர் பணத்தில் தளம் ஓடுகிறது. யூபிஐயில் 50 ரூபாய்கூட அனுப்பும் காலத்தில் இந்த வரம்பு எதற்கு? 100 ரூபாய் போதும். கணக்கை மூடிக்கொண்டு போகிறவருக்கு வரம்பே பார்க்காமல் மீதியைத் தந்துவிடுங்கள்.

கேட்டு வாங்கிப் போடும் கட்டுரைக்குப் பணத்தை இழுத்தடிக்கிற தளங்களுக்கு ஒன்று நினைவூட்ட வேண்டும். குறு, சிறு தொழில் என்று உத்யம் பதிவு எடுத்துக்கொள்ள எழுதுகிறவருக்கும் வழி இருக்கிறது; பதிவுக்குக் கட்டணம் கிடையாது. அப்படிப் பதிந்தவருக்கு 2006ஆம் ஆண்டுக் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, கூட்டு வட்டி. உங்கள் ஆடிட்டரைக் கேட்டுப் பாருங்கள். வருமான வரியில் அந்தச் செலவைக் கழிப்பதிலும் கை கடிக்கும்.

உரிமை விஷயம். "நிரந்தரமாக, உலகம் முழுக்க, எல்லா வடிவத்திலும்" என்று மூன்று சொற்றொடரில் எல்லாவற்றையும் வாரிக்கொள்ளும் ஒப்பந்தங்களைப் பார்க்கிறோம். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமை மாற்றம் எழுத்தில், கொடுப்பவர் கையெழுத்தோடு இருக்க வேண்டும்; காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். எங்கள் யோசனை: ஓராண்டுக்கு வேறெவரும் வெளியிடாத உரிமை உங்களுக்கு, அதன்பின் வெளியிடும் அனுமதி மட்டும். எழுதியவர் அதையே நூலாகத் தொகுக்கட்டும், கிண்டிலில் போடட்டும். ஆனால் நூலைக் கிண்டில் அன்லிமிடெட்டில் சேர்க்கும் கிண்டில் செலக்ட் திட்டத்தில் 90 நாள் மின்வடிவம் வேறெங்கும் இருக்கக் கூடாது என்பது விதி. அந்த நேரத்தில் கட்டுரையை உங்கள் தளத்திலிருந்து மறைத்துவைக்க ஒரு பொத்தான் இல்லாததால், நூலை நீக்கிவிடுவோம் என்று எழுதியவருக்கு அமேசானிடமிருந்து எச்சரிக்கை வருகிறது. ஒரு பொத்தான்தான்.

கட்டுரையை அப்படியே வாசித்து யூடியூபில் காணொளி போடுகிறவர்களைப் பற்றி: புகார் கொடுக்க உரிமையாளருக்கோ அவர் அதிகாரம் கொடுத்தவருக்கோ மட்டும்தான் முடியும். "என் சார்பில் புகார் தரலாம்" என்ற ஒரு வரியை ஒப்பந்தத்தில் சேர்த்துவிட்டு, அந்த வேலையைத் தளம் எடுத்துக்கொள்ளட்டும். தனி ஆளாக நாற்பது புகார் நிரப்பினால் எழுத நேரமிருக்காது.

எங்கள் பக்கமும் வேலை இருக்கிறது, மறுக்கவில்லை. சினிமா விமர்சனம் மூன்றாம் நாள் அடங்கிவிடும். வில்லங்கச் சான்றை எப்படிப் படிப்பது, பட்டா மாறுதல் மனு ஏன் தள்ளுபடியாகிறது என்பவை ஆண்டு முழுக்கத் தேடப்படும். ஆனால் பதிவுத் துறைத் தளத்தில் ஒரு மெனு இடம் மாறினால் போதும், "இடப்பக்கம் மூன்றாவதைச் சொடுக்கவும்" என்ற வரி பொய்யாகிவிடும். ஏமாந்த வாசகர் திரும்பி வர மாட்டார். ஆகவே ஆறு மாதத்துக்கு ஒருமுறை பழைய கட்டுரையை ஒவ்வொரு படியாகச் செய்து பார்த்துத் திருத்துவது எழுதியவர் கடமை. அதற்கு இரண்டு உதவி வேண்டும்: அதே முகவரியில் திருத்தவிட்டு, திருத்திய தேதியை மேலே காட்டுங்கள், திருத்தத்துக்குப் புதுக் கட்டுரை விலையில் பாதி தாருங்கள். இப்போது திருத்தத்துக்கு ஒன்றுமில்லை, புதிதாகப் போட்டால் காசு. அதனால் ஒரே பட்டா மாறுதலுக்கு ஒன்பது கட்டுரை, ஒன்பதும் அரைகுறை.

எல்லாக் கட்டுரையையும் ஒரே சொடுக்கில் தரவிறக்கிக்கொள்ளும் வசதியும் வேண்டும். இது உங்கள்மேல் சந்தேகத்தால் அல்ல. ஆங்கிலக் கட்டுரைத் தளங்களைப் பாருங்கள்: 2010இல் யாஹூ வாங்கிய அசோசியேட்டட் கன்டென்ட் 2014இல் மூடப்பட்டது. ஸ்குவிடூ அதே ஆண்டு ஹப்பேஜஸுக்குள் கரைந்தது. எக்ஸாமினர் 2016இல் போனது. மலிவுக் கட்டுரைகளைக் குவித்த தளங்களைக் கூகுள் 2011இல் தேடல் முடிவில் கீழே தள்ளியதிலிருந்தே அந்தச் சரிவு தெரிந்தது. உங்களுக்கு நூறு வயசு என்றே வாழ்த்துகிறோம். நகல் எங்களிடமும் இருக்கட்டும்.

கடைசியாக மாதப் பட்டியல். இப்போது வருவது "இம்மாத வருமானம்: ரூ. 296.80" என்ற ஒரு வரி. எங்களுக்கு வேண்டியது இப்படி இருக்கும்:

"வில்லங்கச் சான்று படிப்பது எப்படி. திறந்தவர் 2,140. பாதியைத் தாண்டியவர் 1,310. அவர்களில் சந்தாதாரர் 212. வாசிப்பு ஒன்றுக்குச் சராசரி ரூ. 1.40. தொகை ரூ. 296.80. வரிப் பிடித்தம் இல்லை. ஆண்டுத் தொகை 50,000ஐத் தாண்டவில்லை. வங்கிக்கு அனுப்பிய தேதி 10."

வரி பிடித்தால் அது எங்கள் பான் எண்ணுக்கு நேரே வரவாகியிருக்கிறதா என்று வருமான வரித் தளத்தில் பார்ப்போம். பிடித்துவிட்டுக் கட்டாமல் விடுகிற தளமும் உண்டு. இந்தப் பட்டியலைப் பார்த்தால், 2,140 பேர் திறந்தும் 830 பேர் பாதிக்கு முன்பே ஏன் போனார்கள் என்று எழுதியவர் யோசிப்பார், முன்னுரையைக் குறைப்பார். உங்களுக்கும் லாபம்.

எண்கள் எல்லாம் உங்கள் தரவுத்தளத்தில் கிடக்கின்றன. சந்தா பங்கீட்டை மாற்ற நாளாகலாம், ஒப்பந்தத்துக்கு வக்கீல் வேண்டும், ஒத்துக்கொள்கிறோம். பட்டியலை மட்டும் அடுத்த மாதம் 10ஆம் தேதியே இந்த வடிவில் அனுப்பலாம்.

இப்படிக்கு,
தமிழில் கட்டுரை எழுதியும் திருத்தியும் பிழைக்கும் சிலர்