பட்டம் இல்லை என்றால் பெயரும் இல்லையா?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் அந்தக் காலத்துக் குத்துச்சண்டைக்காரர்களைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். ஜாக் ஜான்சனுக்கு அரைப் பக்கம் கொடுத்திருந்தீர்கள், சந்தோஷம். 1908இல் சிட்னியில் டாமி பர்ன்ஸை வீழ்த்தி முதல் கறுப்பின ஹெவிவெயிட் (அதிக எடைப் பிரிவு) உலக சாம்பியன் ஆனவருக்கு அது தகும். ஆனால் உலகப் பட்டம் கிடைக்காமலே போன சாம் லாங்ஃபோர்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே, சார்!

கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் பிறந்து, சின்ன வயதிலேயே பிழைப்புத் தேடி பாஸ்டனுக்கு வந்தவர் லாங்ஃபோர்ட். ஆள் குள்ளம்தான். 1903இல் அப்போதைய லைட்வெயிட் (குறைந்த எடைப் பிரிவு) சாம்பியன் ஜோ கான்ஸையே புள்ளிகளில் ஜெயித்தார்; அது பட்டத்துக்கான போட்டி இல்லை என்பதால் பட்டம் கான்ஸிடமே இருந்துவிட்டது.

1906இல் பாஸ்டன் பக்கத்திலுள்ள செல்சியில் ஜான்சனோடு 15 ரவுண்டு. அன்று லாங்ஃபோர்ட் ஜான்சனைத் தரையில் சாய்த்தார் என்று ஒரு கதை உலவுகிறது. அது லாங்ஃபோர்டின் மேனேஜர் ஜோ உட்மன் கட்டிவிட்டது, நம்பாதீர்கள். தன்னைவிட எடை கூடுதலான ஜான்சனிடம் நன்றாக அடி வாங்கித்தான் தோற்றார், ஆனால் கடைசி ரவுண்டு வரை நின்றார். அப்புறம் ஜான்சன் அவரோடு மோதவே இல்லை. வெள்ளைக்கார சாம்பியன்கள் கறுப்பர்களுக்கு வாய்ப்பே தரவில்லை என்று உங்கள் கட்டுரை வருத்தப்படுகிறது, சரி, பட்டம் கைக்கு வந்ததும் ஜான்சன் லாங்ஃபோர்டுக்குச் செய்தது மட்டும் என்னவாம்? இரண்டு கறுப்பர்கள் மோதினால் டிக்கெட் விற்காது என்பது சாக்கு. அப்படியானால் 1913இல் பாரிஸில் பேட்லிங் ஜிம் ஜான்சன் என்ற கறுப்பரோடு பட்டத்துக்காக மோதினாரே, அது எப்படி? ஆபத்தில்லாத ஆளாகப் பார்த்துத்தான் கூப்பிட்டார் என்பது என் கட்சி.

லாங்ஃபோர்டுக்கோ ஹாரி வில்ஸ், ஜோ ஜெனெட், சாம் மெக்வே என்று அதே ஆட்களோடுதான் திரும்பத் திரும்பச் சண்டை, எல்லாருமே இவரைப் போலப் பட்டத்தின் வாசலிலேயே நிறுத்தப்பட்டவர்கள். 1917இல் ஒரு கண் போயிற்று, மற்றதும் மங்கியது. அப்படியும் 1922இல் அட்லாண்டாவில் டைகர் ஃபிளவர்ஸை இரண்டாவது ரவுண்டிலேயே நாக்அவுட் செய்தார். அந்த ஃபிளவர்ஸ்தான் நான்கு வருடம் கழித்து மிடில்வெயிட் (நடுத்தர எடைப் பிரிவு) உலக சாம்பியன்!

1944இல் ஆல் லேனி என்ற நியூயார்க் பத்திரிகையாளர் லாங்ஃபோர்டைத் தேடி அந்த நகரின் ஹார்லெம் பகுதி முழுக்க அலைந்தபோது, அவர் செத்துப்போய்விட்டாரே என்றுதான் பல பேர் சொன்னார்களாம். அதே ஹார்லெமில் ஒரு சின்ன அறையில், கண் தெரியாமல், கையில் காசில்லாமல் உட்கார்ந்திருந்தார் மனிதர். லேனி எழுதியதைப் படித்தவர்கள் பணம் திரட்டிக் கொடுத்தார்கள். 1956 வரை உயிரோடு இருந்தார்.

அடுத்த இணைப்பில் அவரைப் பற்றிப் படத்தோடு நாலு வரி போடுங்கள். இடம் இல்லை என்றால் ஜான்சன் படத்தைக் கொஞ்சம் சின்னதாக்கிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை.

இப்படிக்கு,
பழைய வாசகன், மதுரை