பனிக்காலத்திலும் பச்சை: ஜூனிபர்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நலம். அங்கே எல்லோரும் நலந்தானே? பாதி வருஷம் மரமெல்லாம் மொட்டையாக நிற்கும் நாட்டில் தோட்டத்தில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். இலை கொட்டிய பிறகுதான் இங்கே ஒரு தோட்டத்தின் கட்டமைப்பே கண்ணுக்குத் தெரியும். அப்போது அதைத் தாங்கி நிற்பவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது ஜூனிபர் என்ற, எப்போதும் பச்சையாக நிற்கும் ஊசியிலைச் செடி.

ஒரே பேரினத்துக்குள் எத்தனை உருவம்! ‘ஸ்கைராக்கெட்’ ரகம் ஒடுங்கிய தூணாக நாலைந்து மீட்டர் உயரும். ‘ப்ளூ ரக்’ தரையோடு தரையாக இரண்டு மீட்டர் படரும், உயரம் 15 செ.மீ. தாண்டாது. ‘ப்ளூ ஸ்டார்’ மெதுவாக வளரும் நீலக் குட்டை. ‘அண்டோரா காம்பாக்ட்’ குளிர் ஏற ஏற ஊதாவாக மாறி, வசந்தத்தில் பச்சைக்குத் திரும்பும். செடி செத்துவிட்டது என்று அதைப் பிடுங்கிப் போடுகிறவர்களும் உண்டு. நீல ரகங்களின் இலையை விரலால் தேய்த்தால் நீலம் போய்ப் பச்சை தெரியும். அது மேலே படிந்த மெழுகு. எண்ணெய் கலந்த பூச்சி மருந்து தெளித்தாலும் அந்த மெழுகு கரைந்துவிடும்.

இந்தச் செடியின் ஆயுளை நடும் நாளே முடிவு செய்துவிடுகிறது. தினம் ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். நிழலில் உட்புறம் கலைந்து சோனியாகிவிடும். அதைவிட முக்கியம் வடிகால். 30 செ.மீ. குழி தோண்டி நீர் நிரப்புங்கள். வடிந்ததும் மறுபடி நிரப்புங்கள். மறுநாளும் தண்ணீர் நின்றால் அங்கே 25 செ.மீ. மேடு கட்டித்தான் நட வேண்டும், இல்லாவிட்டால் வேரழுகல் நிச்சயம். குழியின் அகலம் வேர்க்கட்டியைப் போல இரண்டு மூன்று மடங்கு, ஆழம் வேர்க்கட்டியின் உயரம் மட்டும். தொட்டிக்குள் சுற்றிக்கொண்ட வேர்களைப் பிரித்துவிட வேண்டும். குழியில் எரு போடக் கூடாது: களிமண் நிலத்தில் அந்தக் குழி தண்ணீர்த் தொட்டியாகிவிடும், வேரும் வெளியே போகாது. மேலே 5 செ.மீ. மூடாக்கு போதும், தண்டைத் தொடாமல். முதல் வருஷம் மழை இல்லாத வாரங்களில் ஒரு முறை ஆழமாகத் தண்ணீர் விட்டால் போதும்.

இடைவெளியை முழு வளர்ச்சிக்குக் கணக்கிட்டு விடுங்கள், ஏனென்றால் பிறகு வெட்டிச் சரிசெய்ய முடியாது. கிளைகளை விலக்கிப் பாருங்கள்: வெளியே ஒரு சாண் பச்சை, உள்ளே இலையில்லாத பழுப்புக் குச்சி. அந்தப் பழுப்பில் வெட்டினால் அங்கே திரும்பத் துளிர்க்காது, ஓட்டை ஓட்டையாகவே நிற்கும். கவாத்து செய்யும்போது நீண்ட கிளையைத் தூக்கி, அடியில் பச்சைப் பக்கக்கிளை பிரியும் இடம்வரை போய் அங்கே வெட்ட வேண்டும். மேல் கிளை காயத்தை மறைத்துக்கொள்ளும். குளிர் முடிந்து தளிர் கிளம்பும் முன்பு செய்வது நல்லது.

பழுப்பு எங்கே தொடங்குகிறது என்பதைப் பார்த்தே காரணத்தைப் பெரும்பாலும் சொல்லிவிடலாம். காற்றடிக்கும் பக்கம் மட்டும் காய்ந்தால் குளிர்க் கருகல்: நிலம் உறைந்து வேரால் நீர் எடுக்க முடியாதபோது காற்று இலையை உலர்த்திவிடுகிறது. இலையுதிர் காலம் வறண்டு போனால், நிலம் உறையும்வரை தண்ணீர் விட வேண்டும். இளந்தளிர் நுனி மட்டும் செத்து, அடியில் சாம்பல் வளையமும் கருப்புப் புள்ளிகளும் தெரிந்தால் ஃபோமாப்சிஸ் பூஞ்சை. வறண்ட நாளில் அந்தக் குச்சிகளை வெட்டி அப்புறப்படுத்த வேண்டும். மேலிருந்து தண்ணீர் தெளிப்பதையும் நிறுத்த வேண்டும். வெளிறிப் புள்ளி புள்ளியாக மங்கினால் வெள்ளைத் தாளைப் பிடித்துக் கிளையைத் தட்டுங்கள். விழுந்த தூசி நகர்ந்தால் அது சாறு உறிஞ்சும் சிலந்திப்பேன். பக்கத்தில் ஆப்பிளோ பேரியோ இருந்தால் துரு நோய்க்குச் சாத்தியம் உண்டு. அந்தப் பூஞ்சை இரண்டு மரத்திலும் மாறி மாறி வாழும். வசந்த மழையில் ஜூனிபர் கிளையில் ஆரஞ்சு நிறத்தில் பசை போலப் பொங்கி நிற்பது அதுதான்.

தூண் வடிவச் செடிகளைப் பனி விழும் முன்பே மெல்லிய கயிற்றால் தளர்வாகச் சுற்றிவிடுவார்கள். கட்டாவிட்டால் பனியின் பாரத்தில் கிளைகள் விரிந்துவிடும், மறுபடி ஒன்றுசேராது. பஞ்சுப் பனியைத் துடைப்பத்தால் கீழிருந்து மேலாகத் தட்டலாம். பனிக்கட்டியாக உறைந்துவிட்டால் தொடக் கூடாது, கிளை ஒடிந்துவிடும்.

குச்சி நட்டுப் புதுச் செடி உண்டாக்கும் வேலையும் இந்தக் குளிரில்தான். ஒரு வருஷக் குச்சியை 10–15 செ.மீ. நீளத்துக்கு, அடியில் பழைய மரப்பட்டை கொஞ்சம் ஒட்டிவரக் கிழித்தெடுத்து, வேர் ஊக்கித் தூளில் தொட்டு, மணலும் பெர்லைட் என்ற லேசான வெள்ளைத் துகளும் சம அளவு கலந்த தட்டில் செருக வேண்டும். வேர் பிடிக்கச் சில மாதங்கள் ஆகும். அதுவரை இழுத்துப் பார்க்கக் கூடாது.

சித்தியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்