ஸ்டாக்ஸ்: பெயரின் பின்பாதி

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த அமெரிக்கத் தென்மாநிலக் கறுப்பின மக்களின் சோல் இசை பற்றிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். ஸ்டாக்ஸ் பாடகர் ஓட்டிஸ் ரெட்டிங்கின் குரலைப் பற்றித் தமிழில் இவ்வளவு ஆசையாக யாரும் எழுதி நான் படித்ததில்லை. கட்டுரையாளருக்கு நன்றி. ஆனால் மெம்ஃபிஸ் நகரத்து ஸ்டாக்ஸ் ரெக்கார்டு கம்பெனியை "ஜிம் ஸ்டூவர்ட் தொடங்கி நடத்தியது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். பெயரைப் பிரித்துப் பார்த்தாலே போதும்: ஸ்டூவர்ட்டின் 'ஸ்ட்', ஆக்ஸ்டனின் 'ஆக்ஸ்'. அந்த ஆக்ஸ்டன், ஜிம்மின் அக்கா எஸ்டல். கட்டுரையில் ஓரிடத்திலும் அவர் பெயர் இல்லை.

நான் 34 ஆண்டுகள் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எஸ்டலும் வங்கி ஊழியர்தான். பள்ளி ஆசிரியையாக இருந்து, பிறகு மெம்ஃபிஸ் யூனியன் பிளான்டர்ஸ் வங்கியில் சேர்ந்தவர். தம்பி ஜிம் வேறொரு வங்கியில் இருந்தார்; ஃபிடில் வாசிப்பார். 1957இல் சாட்டிலைட் என்று ஒரு சிறிய கம்பெனியைத் (பின்னாளில் ஸ்டாக்ஸ் ஆனது இதுதான்) தொடங்கிவிட்டு, நல்ல ரெக்கார்டிங் மெஷின் வாங்கக் காசில்லாமல் நின்றார். எஸ்டல் கணவரைச் சம்மதிக்கவைத்து, குடியிருந்த வீட்டை அடமானம் வைத்து 2,500 டாலர் புரட்டி, ஆம்பெக்ஸ் மெஷின் வாங்கிக் கொடுத்தார். இருக்கிற ஒரே வீட்டின் பத்திரத்தை மஞ்சள் பையில் சுற்றிக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்த பெண்கள் எத்தனையோ பேர். மகன் படிப்புக்கு, மகள் கல்யாணத்துக்கு, கணவரின் ஆபரேஷனுக்கு. தம்பியின் பாட்டுக் கம்பெனிக்காக வைத்த ஒருவரை நான் கண்டதில்லை.

1960இல் மெக்லமோர் அவென்யூவில் இருந்த பழைய கேபிட்டல் தியேட்டரை வாடகைக்குப் பிடித்தார்கள். படம் ஓடிய கூடம் ஸ்டூடியோ ஆயிற்று. இடைவேளைத் தின்பண்டம் விற்ற இடத்தில் எஸ்டல் ரெக்கார்டு கடை போட்டார். என்னைக் கேட்டால், ஸ்டாக்ஸ் வேர் பிடித்தது அந்தக் கடையில்தான். அக்கம்பக்கத்துக் கறுப்பினப் பிள்ளைகள் அங்கே வந்து நின்று ரெக்கார்டு கேட்பார்கள். புக்கர் டி. ஜோன்ஸ் அப்படி வந்து நின்ற பையன். எதிரே மளிகைக் கடையில் வேலை பார்த்த டேவிட் போர்ட்டர் பின்னாளில் ஐசக் ஹேய்ஸுடன் சேர்ந்து பாட்டுகளாக எழுதிக் குவித்தார். ஸ்டீவ் க்ராப்பர் அந்தக் கடையிலேயே வேலைக்கு இருந்தவர். எந்த ரெக்கார்டு விற்கிறது, ஏன் விற்கிறது என்று எஸ்டல் இவர்களுக்குப் போட்டுக் காட்டிச் சொல்லிக்கொடுப்பார். அது அவர்களுக்குப் பாடசாலை. 1961இல் 'லாஸ்ட் நைட்' ரெக்கார்டை வெளியிட ஜிம் தயங்கியபோது விடாப்பிடியாக நின்றவர்களில் அக்காவும் ஒருவர். அது தேசியப் பட்டியலில் 3ஆம் இடம்வரை போனது.

வெள்ளையரையும் கறுப்பரையும் பிரித்தே வைத்திருந்த ஊர் அது. அங்கே ஜோன்ஸ், க்ராப்பர், டக் டன், ஆல் ஜாக்சன் என்று இரண்டு கறுப்பரும் இரண்டு வெள்ளையரும் ஒரே குழுவாக ஒரே அறையில் தினமும் உட்கார்ந்து வாசித்தார்கள். கட்டுரை இதைச் சொல்கிறது. இப்படிச் சேர்ந்து உட்காரும் பழக்கம் கடையின் முன்வாசலில் ஆரம்பித்தது என்பதையும் சொல்லியிருக்கலாம்.

இன்னொன்று. "ரசனை மாறியதால் கம்பெனி மூடியது" என்று எழுதியிருக்கிறார். கடன் பத்திரங்களோடு காலம் கழித்த என்னால் இதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. 1965இல் அட்லாண்டிக் என்ற பெரிய ரெக்கார்டு கம்பெனியுடன் போட்ட விநியோக ஒப்பந்தத்தை ஜிம் சரியாகப் படிக்காமல் கையெழுத்திட்டார். அவர்கள் விநியோகித்த பாட்டுகளின் மாஸ்டர் டேப்புகள், அதாவது மூலப் பதிவுகள், அவர்களுக்கே சொந்தம் என்று அதில் இருந்தது. 1967 டிசம்பர் 10 அன்று ஓட்டிஸ் விமான விபத்தில் இறந்தார். அடுத்த ஆண்டு அட்லாண்டிக்கை விட்டுப் பிரிந்தபோது, அவர் பாடியவை உட்பட அத்தனை பாட்டுகளும் கைவிட்டுப் போயின. 1968 ஏப்ரல் 4 அன்று மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட மெம்ஃபிஸ் லொரேன் மோட்டல், ஸ்டாக்ஸ்காரர்கள் அறை எடுத்துப் பாட்டெழுதிய இடம். சில மாதங்களில் இவ்வளவும்.

அதற்குப் பிறகும் நிர்வாகி ஆல் பெல் கம்பெனியைத் தூக்கி நிறுத்தினார். 1972இல் லாஸ் ஏஞ்சலஸில் 1 டாலர் டிக்கெட்டில் அவர்கள் நடத்திய வாட்ஸ்டாக்ஸ் இசை நிகழ்ச்சிக்கு ஒரு லட்சம் பேர் திரண்டார்கள். 1975 டிசம்பரில் கடன் பாக்கிக்காக ஸ்டாக்ஸைத் திவாலாக்கியது யூனியன் பிளான்டர்ஸ் வங்கி. எஸ்டல் ஒருகாலத்தில் வேலை பார்த்த அதே வங்கி. அவர் 1969லேயே விலகிவிட்டார். ஆனாலும் அந்தச் செய்தியை அவர் எப்படிக் கேட்டிருப்பார் என்று நினைக்கும்போது எனக்கு மனசு கனத்துவிடுகிறது.

என் மகன் மெம்ஃபிஸில் இருப்பதால் அந்த இடத்தைப் பார்க்கும் பாக்கியம் கிடைத்தது. பழைய கட்டடத்தை 1989இல் இடித்துவிட்டார்கள். 2003இல் அதே மனையில் அருங்காட்சியகம் எழும்பியது. ஸ்டூடியோவை முன்பிருந்தபடியே, தியேட்டரின் சரிவான தரையோடு கட்டியிருக்கிறார்கள். உள்ளே நடந்தபோது முன்பாதத்தில் பாரம் இறங்கியது. ஆர்கன் பக்கம் நின்றபோதுதான் தரை சரிந்திருப்பது புரிந்தது. அந்தச் சரிவும் கூடத்தின் பரப்பும் சேர்ந்துதான் டிரம்ஸுக்கும் ஹார்ன்களுக்கும் அந்தக் கனத்தைக் கொடுத்தன என்பார்கள். பக்கத்திலேயே ஸ்டாக்ஸ் இசைப் பள்ளி. சாயங்காலம் நாங்கள் வெளியே வந்தபோது, சாக்ஸஃபோன் பெட்டியைத் தோளில் மாட்டிய ஒரு சிறுமி எங்களைத் தாண்டி ஓடினாள்.

இந்தத் தொடர் புத்தகமாக வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அதில் எஸ்டல் ஆக்ஸ்டன் (1918–2004) பெயரையும், அந்தக் கடையையும், அடமானம் வைத்த வீட்டையும் சேர்க்கும்படி கட்டுரையாளரிடம் தயவுசெய்து சொல்லுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகி,
பாளையங்கோட்டை