எஞ்சின் ஓடும்போதே எரிபொருள் நிரப்பியது குறித்த புகார்

அனுப்புநர்: பெட்ரோல் பங்க் உரிமையாளர், காங்கேயம், திருப்பூர் மாவட்டம்.

பெறுநர்: பயணிகள் குறைதீர் அலுவலர் அவர்கள்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

கடந்த ஞாயிற்றுக்கிழமை என் தாயாருடன் உங்கள் ஏடிஆர் 72 விமானத்தில் கோவைக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். வழியில் ஒரு நிலையத்தில் நின்றபோது, கோவைப் பயணிகள் அனைவரும் இருக்கையிலேயே அமர்ந்திருக்க, வலப்பக்க எஞ்சினை அணைக்காமலேயே எரிபொருள் நிரப்பினார்கள். வலப்புறச் சன்னலோரத்தில் இருந்ததால் முழுவதையும் பார்த்தேன். விசிறி நின்றிருந்தது, ஆனால் எஞ்சினுக்குப் பின்னால் காற்று கானல்போல நெளிந்துகொண்டிருந்தது. அதே பக்கத்தில், சக்கரக் கூட்டருகே ஊழியர் குழாயை மாட்டினார்.

பணிப்பெண்ணிடம் கேட்டேன். "கரண்டுக்காக மட்டும்தான் ஓடுது சார்" என்றார். அது உண்மைதான். இவ்வகை விமானத்தின் வாலில் மின்சாரத்துக்கெனத் தனி எஞ்சின் இல்லாததால், விசிறிக்கு பிரேக் போட்டு வலது எஞ்சினை ஓட்டுகிறார்கள். இதை 'ஹோட்டல் மோடு' என்பார்கள். ஆனால் எரிபொருள் நிரப்பும் வாயும் அதே வலப்பக்கத்தில் இருக்கிறதே! தரையிலிருந்து மின்சாரம் தரும் வண்டியை நிறுத்தியிருந்தால் எஞ்சினை அணைத்திருக்கலாம்.

நான் 22 ஆண்டுகளாக பங்க் நடத்துகிறேன். டேங்கர் லாரி லோடு இறக்க வந்தால், எஞ்சினை அணைத்து, எர்த் ஒயரை மாட்டி, தீயணைப்பானைப் பக்கத்தில் வைத்த பிறகே ஹோஸைத் தொட விடுவேன். விமான எரிபொருளான ஜெட் ஏ-1 பெட்ரோலைப்போலச் சட்டென்று பற்றாது என்பதும் எனக்குத் தெரியும். அதன் ஃபிளாஷ் பாயிண்ட், அதாவது அதன் ஆவி தீப்பொறி பட்டால் பற்றத் தொடங்கும் வெப்பநிலை, குறைந்தது 38 டிகிரி. ஆனால் வெயிலில் காய்ந்த தரைக்கு மேல் அந்த 38 டிகிரி எட்டாத தூரமில்லை; குழாய் கழன்று எண்ணெய் திவலையாகச் சிதறினால் அந்தக் கணக்கும் கைகொடுக்காது. 2001 செப்டம்பரில் டென்வர் விமான நிலையத்தில், நின்றிருந்த போயிங் 777க்கு எரிபொருள் நிரப்புகையில் இணைப்பு கழன்று தீப்பிடித்ததில், நிரப்பிய ஊழியர் உயிரிழந்தார்.

பயணிகள் உள்ளே இருக்கையில் நிரப்புவதானால், அவர்களை உடனே வெளியேற்றப் பயிற்சி பெற்றவர்கள் ஆயத்தமாக நிற்க வேண்டும், தரையில் நிரப்புவதைக் கவனிப்பவர்களுக்கும் விமானத்துக்குள் இருக்கும் அந்தப் பயிற்சி பெற்றவர்களுக்கும் பேச்சுத் தொடர்பு இருக்க வேண்டும் என்று சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 6ஆவது இணைப்பு சொல்கிறது. எங்கள் விமானத்தில் அறிவிப்பே இல்லை. பெல்ட்டைக் கழற்றச் சொல்லவில்லை; பெல்ட் அணியச் சொல்லும் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. பணிப்பெண்கள் இருவரும் முன்புறம் இருந்தார்கள். படிக்கட்டு வைத்த பின்கதவில் ஒருவரும் இல்லை. 74 வயதான என் தாயாருக்கு அந்த பெல்ட்டின் கொக்கியைத் தானாக விடுவிக்க வராது. எரிபொருள் குழாயைக் கழற்றும்வரை அந்தக் கொக்கிமேல் கை வைத்தபடியே உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் உங்கள் சேவை மையத்தில் புகார் செய்தேன். "சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்ற பதிலும் ஒரு தள்ளுபடிக் கூப்பனும் வந்தன. கூப்பன் எனக்கு வேண்டாம். அதை ரத்து செய்துவிடுங்கள். அன்று எஞ்சின் ஓடும்போது நிரப்ப அனுமதித்தவர் யார், உங்கள் இயக்கக் கையேடு அதற்கு இடம் தருகிறதா, தீயணைப்புப் பிரிவுக்கு முன்கூட்டியே சொல்லப்பட்டதா, பின்கதவில் ஆள் இல்லாதது ஏன் என்பவற்றுக்கு எழுத்துமூலம் பதில் தர வேண்டுகிறேன். 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், இக்கடிதத்தைச் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்துக்கு அனுப்புவேன்.

இருவரின் போர்டிங் பாஸ் நகல்களையும் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் பயணி