இறுதி விசிலுக்கு அப்புறம் யார் பொறுப்பு?

ஃபிஃபாவுக்கும், கண்டவாரியாகவும் நாடுவாரியாகவும் கால்பந்து நடத்தும் சம்மேளனங்களுக்கும்,

வணக்கம். தோற்ற அணியின் ஆட்டக்காரர் ஒருவர் கேலரிக்குள் ஏறி ரசிகரோடு மல்லுக்கு நின்றால் அடுத்து என்ன நடக்கும் என்பது எங்களுக்கு மனப்பாடம். வீடியோவைப் பார்ப்பீர்கள், விளக்கம் கேட்பீர்கள், இத்தனை ஆட்டத்துக்குத் தடை, இவ்வளவு அபராதம் என்று ஓர் அறிக்கை வரும். அந்தத் தண்டனை தப்பு என்று வாதாட நான் வரவில்லை. கேலரி ரசிகரின் இடம். கோபம் எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும் ஆட்டக்காரருக்கு அங்கே வேலை இல்லை. ஆனால் அவர் அங்கே ஏறிப் போகும்வரை உங்கள் ஆட்கள் எங்கே இருந்தார்கள்? அதைத்தான் கேட்க வந்தேன்.

2024 ஜூலை 10-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் சார்லட் நகரில், தென் அமெரிக்கச் சம்மேளனம் நடத்தும் கோபா அமெரிக்கா கோப்பையின் அரையிறுதி. உருகுவே 0-1 என்று கொலம்பியாவிடம் தோற்றது. அரங்கில் எங்கு பார்த்தாலும் கொலம்பியாவின் மஞ்சள் சட்டை. அதற்கு நடுவில்தான் உருகுவே ஆட்டக்காரர்களின் மனைவி, பிள்ளைகள், பெற்றோர் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். ஆட்டம் முடிந்ததும் அந்தப் பக்கம் தள்ளுமுள்ளு ஆரம்பிக்க, டார்வின் நுன்யெஸும் இன்னும் சிலரும் படியேறி உள்ளே புகுந்தார்கள். கைகலப்பு ஆனது. எங்கள் குடும்பம் ஆபத்தில் இருந்தது, கைக்குழந்தைகள் இருந்தார்கள், ஒரு போலீஸ்காரர்கூட இல்லை என்று உருகுவே ஆட்டக்காரர் ஹோசே மரியா ஹிமெனெஸ் மைதானத்தில் இருந்தபடியே டிவி மைக்கில் குமுறினார். கொஞ்ச நேரம் கழித்து நுன்யெஸ் தன் பிள்ளையை மார்போடு அணைத்தபடி புல்தரையில் நின்றதையும் உலகமே பார்த்தது.

அப்புறம் தீர்ப்பு வந்தது. நுன்யெஸுக்கு 5 ஆட்டத் தடை, 20,000 டாலர் அபராதம். ரோட்ரிகோ பெந்தாங்கூருக்கு 4 ஆட்டம். ஹிமெனெஸ் உள்ளிட்ட இன்னும் மூவருக்கும் தடை. சரி, எதிரணி ரசிகர்களுக்கு நடுவே குடும்பங்களை உட்கார வைத்த இருக்கைத் திட்டத்துக்குக் கையெழுத்துப் போட்டது யார்? தண்டிக்க வேண்டியது ஆட்டக்காரர்களை அல்ல, அவர்களை அந்த நிலைக்குத் தள்ளியவர்களை என்று உருகுவே பயிற்சியாளர் மார்செலோ பியெல்சா தீர்ப்புக்கு முன்பே செய்தியாளர்கள் முன்னால் வெடித்தார். அவர் பேசியதில் சூடு அதிகம்தான், ஆனால் கேள்வி சரியானது. தொடரை நடத்தியதும் அதே சம்மேளனம், தீர்ப்பு எழுதியதும் அதே சம்மேளனம். தன் வீட்டுத் தப்பை அது எப்படி எழுதும்?

இதற்கு நான்கு வருடம் முன்பு, 2020 மார்ச் 4-ல், இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பையில் டாட்டன்ஹாம் நார்விச்சிடம் பெனால்டியில் தோற்ற இரவு. தன்னைத் திட்டிய ரசிகரை நோக்கி டாட்டன்ஹாமின் எரிக் டையர் விளம்பரப் பலகையைத் தாண்டி, இருக்கை வரிசைகள்மேல் ஒவ்வொன்றாகக் காலை வைத்து ஏறினார். அவருடைய தம்பியும் அந்தப் பக்கம்தான் இருந்தார். தொழில்முறை ஆட்டக்காரர் செய்யக்கூடாததைச் செய்துவிட்டார், ஆனால் அந்த இடத்தில் நாம் எல்லோரும் அதைத்தான் செய்திருப்போம் என்கிற மாதிரி பேசினார் அப்போதைய பயிற்சியாளர் மொரின்யோ. இங்கிலாந்துச் சங்கத்தின் குழு 4 ஆட்டத் தடையும் 40,000 பவுண்டு அபராதமும் போட்டது. அந்த வீடியோவை மறுபடி ஓடவிட்டுப் பாருங்கள். கண்ணை உறுத்துவது டையரின் கோபம் இல்லை, அவர் ஏறிய தூரம். முதல் வரிசையிலேயே நான்கு பேர் வழியை மறித்து நின்றிருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது.

அதற்கும் முந்தைய வருடம் பாரிஸ் அருகே நடந்ததற்கு வழி வகுத்ததே ஏற்பாட்டாளர்கள்தான் என்பேன். பிரெஞ்சுக் கோப்பை இறுதியில் ரென் அணியிடம் பெனால்டியில் தோற்றிருந்தார் பிஎஸ்ஜி அணியின் நெய்மார். பதக்கம் வாங்க ரசிகர்களுக்கு நடுவே போகும் படிக்கட்டில் ஏற வேண்டும். முகத்துக்கு நேரே மொபைலை நீட்டி, படம் எடுத்தபடியே ஒருவர் சீண்டினார். நெய்மார் கை ஓங்கிவிட்டார். 3 ஆட்டத் தடை. தோற்று ஐந்து பத்து நிமிஷம்கூட ஆகாத மனுஷனை, கை நீட்டினால் எட்டும் தூரத்தில் கூட்டத்துக்குள் விடுவது சம்பிரதாயமாம்! 2022-ல் எவர்ட்டனிடம் தோற்று நொண்டி நொண்டி வெளியேறிய கிறிஸ்டியானோ ரொனால்டோ ஒரு சிறுவனின் கையில் இருந்த மொபைலைத் தட்டிவிட்டாரே, அங்கேயும் அதே எட்டும் தூரம்தான். ஒரு சிறுவனிடம் அப்படி நடந்ததற்குச் சாக்கு எதுவும் கிடையாது. 2 ஆட்டத் தடை அவருக்கு வேண்டியதுதான்.

இன்னொரு பழக்கத்தைப் பற்றி இன்னும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். தோற்ற அணி கேலரி முன்னால் போய்த் தலைகுனிந்து நின்று திட்டு வாங்க வேண்டும் என்ற பழக்கம். ரசிகருக்குக் கொடுக்கும் மரியாதை என்று சொல்லித்தான் அது ஆரம்பித்தது. எங்கே போய் முடிந்தது? 2012 ஏப்ரலில் சியெனாவுக்கு எதிராக 0-4 என்று பின்தங்கியபோது இத்தாலிய கிளப் ஜெனோவாவின் தீவிர ரசிகர்கள் ஆட்டத்தையே நிறுத்தினார்கள். இந்த ஜெர்சியைப் போட உங்களுக்குத் தகுதி இல்லை, கழற்றிக் கொடுங்கள் என்றார்கள். கேப்டன் மார்கோ ரோஸி சக ஆட்டக்காரர்களிடம் ஒவ்வொன்றாக ஜெர்சியை வாங்கிக் கையில் சேர்த்தார். ஜுசெப்பே ஸ்குல்லி மட்டும் தர முடியாது என்று மறுத்து, அவர்களிடமே போய்ப் பேசிச் சமாதானப்படுத்தினார். முக்கால் மணி நேரம் போல ஆட்டம் நின்றது. பத்து வருடம் கழித்து பெர்லினில் அதே கதை. அதே ஊர் அணியான யூனியனிடம் 1-4 என்று தோற்ற ஹெர்த்தா ஆட்டக்காரர்கள், கேலரி கேட்டபடி ஜெர்சியைக் கழற்றி அதன் முன்னால் வைத்துவிட்டுப் போனார்கள்.

இத்தாலியச் சம்மேளனத்தின் விதி, ரசிகர்களின் மிரட்டலுக்கும் அவமதிப்புக்கும் ஆட்டக்காரர்கள் பணியக்கூடாது என்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தத் தடை யார்மேல்? மிரட்டப்படுகிறவர்மேல். போகாவிட்டால் கேலரி விடாது, போனால் சம்மேளனம் விடாது.

கேலரியில் அடக்காதது வெளியே வரும். 2021 ஏப்ரலில் பீலஃபெல்டில் தோற்று ஜெர்மனியின் முதல் நிலை லீகான பன்டஸ்லிகாவிலிருந்து இறங்கிய ஷால்க அணியின் பஸ் நள்ளிரவு தாண்டித் தன் அரங்குக்குத் திரும்பியபோது நூற்றுக்கணக்கானோர் காத்திருந்தார்கள். முட்டை பறந்தது, ஆட்டக்காரர்கள் ஓடினார்கள், துரத்தி அடித்தார்கள். 2018 மே மாதம் மரிதிமோவிடம் தோற்ற இரண்டாம் நாள், முகமூடிக் கும்பல் ஸ்போர்ட்டிங் லிஸ்பனின் பயிற்சி மையத்துக்குள்ளேயே புகுந்து அடித்தது. ஆட்டக்காரர் பாஸ் டோஸ்டுக்குத் தலையில் காயம். அதன் பிறகு பல ஆட்டக்காரர்கள் ஒப்பந்தத்தையே முறித்துக்கொண்டார்கள்.

(இந்தப் பேச்சு வந்தாலே 1994-ல் சேம்சைடு கோல் போட்டதற்காகக் கொல்லப்பட்டார் என்று கொலம்பிய ஆட்டக்காரர் ஆந்த்ரேஸ் எஸ்கோபாரை இழுப்பார்கள். நான் இழுக்கவில்லை. அது கொலம்பிய நகரமான மெடெலினின் அன்றைய போதைமருந்துக் கும்பல்களோடு சேர்த்துப் பேச வேண்டிய கொலை. ரசிகர் கோபத்துக்கு அதை உதாரணமாக்கினால் இரண்டையுமே புரிந்துகொள்ள முடியாது.)

ரசிகர் பக்கமும் சொல்ல வேண்டும், நானும் ரசிகன்தானே. தோற்றால் ஊளையிடும் உரிமை டிக்கெட் வாங்கியவருக்கு உண்டு. பேனர் பிடிக்கலாம், நிர்வாகம் விலகு என்று கத்தலாம், பாதி ஆட்டத்தில் எழுந்து போகலாம். குடும்பத்தை இழுத்தால் அது விமர்சனம் இல்லை. 2019-ல் சொந்த ரசிகர்கள் ஊளையிட்டபோது ஜெர்சியைக் கழற்றிவிட்டு நடந்த ஆர்சனலின் கிரானிட் ஷாக்காவின் கேப்டன் பதவி போனது எல்லோருக்கும் தெரியும். மகளுக்குப் புற்றுநோய் வரட்டும் என்று அவருக்குச் செய்தி அனுப்பியவர்களுக்கு என்ன ஆனது?

இரண்டு பக்கத்தையும் விசாரிக்கவே முடியாதா என்றால், முடியும். 1995-ல் மான்செஸ்டர் யுனைடெட்டின் எரிக் கான்டொனா ரசிகரை எட்டி உதைத்த வழக்கில் இங்கிலாந்து நீதிமன்றம் அவருக்கு 120 மணி நேரச் சமூகசேவை விதித்தது, சீண்டிய ரசிகரையும் குற்றவாளி என்றது. ஆனால் அதைச் செய்தது நீதிமன்றம், நீங்கள் இல்லை.

நான் கேட்பது பெரிய செலவு வைக்கும் விஷயங்கள் இல்லை. விசில் ஊதியதிலிருந்து கடைசி ஆட்டக்காரர் உள்ளே போகும்வரை யார் எங்கே நிற்க வேண்டும் என்பதை ஆட்டத்துக்கு முன்பே எழுதி வையுங்கள். குடும்பங்களுக்குத் தனிப் பகுதி, தனி வாசல் கொடுங்கள். தோற்றவர்களுக்குப் பதக்கத்தை மைதானத்திலேயே கழுத்தில் போட்டு அனுப்புங்கள். கேலரி முன்னால் போய் நிற்கச் சொல்லி எந்த ஆட்டக்காரரையும் கிளப்புகள் வற்புறுத்தக்கூடாது என்று விதி போடுங்கள். ரசிகர்களோடு பேச வேண்டுமா, 2012-13 பருவத்திலிருந்து ஐரோப்பியச் சம்மேளனமான யூஃபாவின் கிளப் உரிம விதியிலேயே ரசிகர் தொடர்பு அதிகாரி இருக்கிறார். நாலு நாள் ஆறவிட்டு, ஓர் அறையில், அவர் முன்னிலையில் பேசட்டும்.

அப்புறம், அடுத்த தடையை அறிவிக்கும்போது ஆட்டக்காரரின் பெயருக்குக் கீழேயே, அன்று அந்தக் கேலரியின் பாதுகாப்பு எந்த அமைப்பிடம் இருந்தது, அதற்கு என்ன தண்டனை என்பதையும் சேர்த்து வெளியிடுங்கள். அந்த அமைப்பு நீங்களாகவே இருந்தாலும்.

இப்படிக்கு,
ஒரு ரசிகன்