விட்டுப்போன 13 மாதங்கள்

நியூ ஜெர்சி,
ஐப்பசி, ஞாயிறு காலை

அன்புள்ள செயலாளர் அவர்களுக்கு,

நம் மில் தொழிற்சங்கத்தில் இப்போது வேறு யாரோ அந்த நாற்காலியில் இருக்கலாம். எனக்கு நீதான் செயலாளர். உன் இரண்டு கடிதங்களுக்கும் எட்டு மாதமாகப் பதில் எழுதாமல் இருந்ததற்கு எந்தத் தண்டனை விதித்தாலும் ஏற்றுக்கொள்கிறேன், மூக்குப்பொடி மாமாவின் வெண்பாக்களைப் படிக்கச் சொல்லாத வரையில். இங்கே அனைவரும் நலம். எனக்கு இடது கண்ணில் புரை எடுத்தாயிற்று. வலது கண் தை மாதத்தில். பேத்தி பிறந்த செய்தி கேட்டு மகிழ்ந்தோம். பெயர் வைத்தாயிற்றா, அல்லது அதற்கும் பொதுக்குழு கூட்டுகிறாயா?

எழுதாமைக்குக் காரணம் சின்னவன். பயப்படாதே, அவன் நன்றாகவே இருக்கிறான். நேஷனல் கார்டு என்னும் பகுதிநேரப் படையின் பிரிவோடு குவைத்துக்குப் போய் 13 மாதம் இருந்துவிட்டு, போன ஆண்டு இதே ஐப்பசியில் உடம்பில் ஒரு கீறலும் இல்லாமல் திரும்பினான். அவன் அம்மா வேண்டிக்கொண்டதெல்லாம் நிறைவேறிவிட்டது. அவள் வேண்டிக்கொள்ள மறந்தது ஓய்வூதியக் கணக்கைத்தான். அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

அவன் எலக்ட்ரீஷியன், இங்குள்ள தொழிற்சங்கம் ஒன்றில் உறுப்பினன் என்பது உனக்குத் தெரியும். கட்டடத் தொழிலில் ஒரே முதலாளியிடம் யாரும் ஆண்டுக்கணக்கில் இருப்பதில்லை. சங்கத்தின் ஹாலில் பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருந்தால், அவர்கள் இன்று ஒரு காண்ட்ராக்டரிடம் அனுப்புவார்கள், வேலை முடிந்ததும் இன்னொருவரிடம் அனுப்புவார்கள். எவரிடம் வேலை செய்தாலும், செய்த மணிக்கணக்கைப் பார்த்து அந்த முதலாளி ஒரே பொது ஓய்வூதிய நிதிக்குப் பணம் செலுத்துவார். அந்த நிதியில் 5 ஆண்டுப் பணி நிறைந்தால்தான் ஓய்வூதியம் நிலைக்கும்; அதற்கு முன் விலகினால் ஒரு காசும் கிடையாது. புறப்படும்போது அவனுக்கு 3 ஆண்டு முடிந்திருந்தது. படையில் இருந்த காலத்தைச் சேர்த்தால் நான்கு, திரும்பி வந்து உழைத்த இந்த ஓராண்டையும் கூட்டினால் ஐந்து. ஆனால் பங்குனியில் வந்த கணக்குத்தாளில் அந்த 13 மாதத்துக்கு நேரே பூஜ்ஜியம் போட்டிருந்தார்கள். நாற்பது ஆண்டு சம்பளப் பட்டியல் எழுதிய என் கண்ணில், புரை இருந்தும், அந்தப் பூஜ்ஜியம்தான் முதலில் பட்டது.

இனிச் சொல்லப்போவது உனக்குக் கசக்கும். அவனுடைய சங்க அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினோம். அங்கே இருந்தவர் மிகவும் மரியாதையாக, “கூட்டு ஒப்பந்தத்தில் வேலை செய்த மணிக்குத்தான் வரவு, செய்யாத மணிக்கு வரவு இல்லை” என்றார். ஒப்பந்தத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறது, நானே படித்துப் பார்த்தேன். கையெழுத்தான ஒப்பந்தம் வேதம் என்று மேசையைத் தட்டி நீ பேசியதும், வேதத்திலும் இடைச்செருகல் உண்டு என்று நான் சொல்லி உதை வாங்க இருந்ததும் நினைவிருக்கிறதா? முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து வாதத்தில் நான் ஜெயித்துவிட்டேன். 1994 அக்டோபரில் இந்த நாட்டில் ஒரு சட்டம் வந்தது, யுசெரா என்று சுருக்கிச் சொல்கிறார்கள். படைச் சேவைக்குப் போய்த் திரும்புகிறவருக்கு அந்தச் சட்டம் தரும் உரிமையை எந்த ஒப்பந்தமும், எந்த வழக்கமும், சங்கமே கையெழுத்திட்டிருந்தாலும், குறைக்க முடியாது. கூட்டித் தருவதாக இருந்தால் மட்டும் ஒப்பந்தம் செல்லும்.

அந்தச் சட்டத்துக்கு முன்னாலும் இந்தக் கொள்கை இருந்தது. 1946-இல் புரூக்ளின் கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்த ஃபிஷ்கோல்டு என்பவரின் வழக்கில், போருக்குப் போனவன் பணிமூப்பு என்னும் நகரும் படிக்கட்டில் தான் இறங்கிய படியில் அல்ல, இறங்காமலே இருந்திருந்தால் எந்தப் படிக்கு வந்திருப்பானோ அந்தப் படியில்தான் மீண்டும் ஏற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. இன்றுவரை எல்லோரும் எடுத்துக்காட்டும் வாசகம் அது. வேடிக்கை என்னவென்றால், அந்த வழக்கில் ஃபிஷ்கோல்டு தோற்றுப்போனார். வேலை குறைந்தபோது அவரைவிட மூத்தவர்களை வைத்துக்கொண்டு அவரை ஒன்பது நாள் வெளியே நிறுத்தினார்கள். படைவீரன் என்பதற்காக மூப்பில் மேலே இருப்பவரைத் தாண்ட முடியாது என்பதே தீர்ப்பு. அந்த மூப்பு முறையைக் காப்பாற்ற வழக்கில் நுழைந்து மேல்முறையீடு செய்தது யார் தெரியுமா? தொழிற்சங்கம். நீ அங்கே இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பாய். அதில் தவறும் இல்லை.

ஓய்வூதியத்துக்கு என்று தனியாகத் தீர்ப்பு வர 1977 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அலபாமா மின் நிறுவனத்தில் 1936-இல் சேர்ந்த டேவிஸ் என்பவர் இரண்டாம் உலகப் போரில் 30 மாதம் படையில் இருந்துவிட்டு அதே வேலைக்குத் திரும்பி, 1971-இல் ஓய்வு பெற்றார். அந்த 30 மாதத்தை நிறுவனம் கணக்கில் சேர்க்கவில்லை. ஓய்வூதியம் செய்த வேலைக்கான கூலி, வேலை செய்யாத மாதத்துக்குக் கூலி எதற்கு என்பது அவர்கள் வாதம். சின்னவனின் சங்க அலுவலக நண்பர் சொன்னதும் ஏறத்தாழ அதேதான். உச்ச நீதிமன்றம் ஒருமனதாக மறுத்தது; ஓய்வூதியம் முக்கியமாக நீண்ட காலம் நிலைத்திருந்ததற்கான பலன், ஆகவே அது மூப்பைச் சேர்ந்தது என்று நீதிபதி மார்ஷல் எழுதினார். நான் அதை மூன்று முறை படித்தேன். மூன்றாவது முறை, டேவிஸ் நம் சாயப்பட்டறை அண்ணன் மாதிரி ஒருவராகவே என் மனதில் வந்துவிட்டார், அதே வெற்றிலைப் பெட்டியோடு.

சட்டம் கையில் கிடைத்துவிட்டது, இனி ஒரு கடிதம் போதும் என்று நினைத்தேன். ஆனால் பணத்தைக் கட்டுவது யார்? இவனைக் கடைசியாக வைத்திருந்த காண்ட்ராக்டர் கடையை மூடிவிட்டுப் போய்விட்டார். இப்போது இவனை வைத்திருப்பவரோ, “நான் அவனைப் படைக்கு அனுப்பவில்லையே” என்கிறார். அவர் கேட்பது நியாயமான கேள்விதான், ஆனால் சட்டம் அதையும் முன்கூட்டியே யோசித்திருக்கிறது. பல முதலாளிகள் சேர்ந்த நிதியில், யார் பொறுப்பு என்று நிதியின் விதி சொன்னால் அதன்படி. விதி இல்லையென்றால் புறப்படும் முன் கடைசியாக வேலை கொடுத்தவர். அவரும் இல்லாமற் போனால் நிதியே அந்தப் பொறுப்பை ஏற்க வேண்டும். திரும்பி வந்தவன் பழைய முதலாளியிடமே போக வேண்டும் என்பதும் இல்லை, அதே நிதிக்குப் பணம் கட்டும் யாரிடம் சேர்ந்தாலும் போதும். புதியவர் செய்ய வேண்டியது, இவன் வேலைக்குத் திரும்பினான் என்று 30 நாளுக்குள் நிதி அலுவலகத்துக்குத் தெரிவிப்பது மட்டுமே. அந்த ஒரு தாளை அவர் அனுப்பவில்லை. பூஜ்ஜியம் முளைத்த இடம் அதுதான் என்று கண்டுபிடிக்க எனக்கு வைகாசி வரை ஆயிற்று.

சின்னவன் தன் பங்குக்கு எல்லாம் சரியாகவே செய்திருந்தான், அதைச் சொல்லத்தான் வேண்டும். புறப்படும் முன் முதலாளிக்குத் தகவல் சொன்னான். 180 நாளுக்கு மேல் படையில் இருந்தவன் திரும்பியபின் 90 நாளுக்குள் வேலை கேட்க வேண்டும். அவன் இரண்டாவது வாரமே ஹாலில் போய் நின்றான். விடுவிப்புச் சான்றிதழை மட்டும் மீன்பிடிப் பெட்டிக்குள் வைத்திருந்தான். எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து, பதிவுத் தபாலில், சட்டப் பிரிவுகளைச் சுட்டி நான் எழுத, அவன் கையெழுத்திட்டான். ஆவணியில் பதில் வந்தது. 13 மாதத்தையும் பணிக்காலமாக ஏற்கிறார்களாம்.

ஆனால் எத்தனை மணி என்பதில் இப்போது தகராறு. போகாமல் இருந்திருந்தால் எவ்வளவு கிடைத்திருக்கும் என்பதை ஓரளவு உறுதியாகச் சொல்ல முடிந்தால் அதையே எடுக்க வேண்டும். முடியாவிட்டால்தான் முந்திய 12 மாதச் சராசரி. அவர்கள் நேராகச் சராசரிக்குத் தாவிவிட்டார்கள். அந்த 12 மாதத்தில் ஏழு வாரம் வேலையில்லாமல் வீட்டில் இருந்தான். அவன் குவைத்தில் இருந்த காலத்திலோ, அவனோடு சேர்ந்து பயிற்சி முடித்தவர்கள் ஒரு மருத்துவமனைக் கட்டடத்தில் ஒரு வாரமும் விடாமல் வேலை பார்த்திருக்கிறார்கள். அவர்களுடைய சம்பளச் சீட்டுகளைச் சேகரித்து அனுப்பியிருக்கிறேன். மறுத்தால் அடுத்தது தொழிலாளர் துறை. அங்கே புகார் கொடுக்கக் கட்டணம் இல்லை.

அவன் தன் சம்பளத்திலிருந்து மாதம் 300 டாலர் போட்டுவந்த ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கு தனி. விட்டுப்போன 3,900 டாலரை, சேவைக் காலத்தைப் போல மூன்று மடங்கு காலத்துக்குள், உச்சமாக 5 ஆண்டுக்குள், அவனே ஈடுகட்டலாம். அவனுக்கு 39 மாதம். அதில் 12 மாதம் போய்விட்டது. இன்று தொடங்கினால் மாதம் ஏறத்தாழ 145 டாலர் கூடுதலாகப் போட வேண்டும். இடைப்பட்ட காலத்தில் சந்தை தந்திருக்கக்கூடிய லாபத்தை யாரும் தர வேண்டியதில்லை என்கிறது சட்டம். அந்த வரியைப் படித்தபோது மட்டும் எனக்குக் கோபம் வந்தது. துரை படையில் மிச்சம் பிடித்ததையெல்லாம் ஒரு பெரிய டிரக் வண்டியில் போட்டிருக்கிறார். அதில் ஏற எனக்கு ஏணி வேண்டும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன், வீட்டில் சொல்லவில்லை. இதையெல்லாம் தேடிக்கொண்டிருந்த ஓர் இரவில் 2008-இல் வந்த இன்னொரு சட்டத்தைப் படித்தேன். சேவையின்போது ஒருவர் இறந்துபோனால், அவர் வேலைக்குத் திரும்பி வந்து அதன் பிறகு இறந்ததாகவே கொண்டு, ஓய்வூதியத் திட்டம் குடும்பத்துக்குரிய வாரிசு உரிமையைத் தர வேண்டுமாம். நல்ல சட்டம். கணினியை மூடிவிட்டு எழுந்து போய், அவன் அறைக் கதவைத் திறந்து பார்த்தேன். வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தான், ஐந்து வயதில் தூங்கிய மாதிரியே.

உன்னிடம் ஒரு வேலை இருக்கிறது. மணிக்கணக்குத் தகராறுக்கு அடுத்த கடிதம் எழுத வேண்டும். நான் எழுதினால் கணக்காக வருகிறது, கோரிக்கையாக வரவில்லை. மில் நிர்வாகத்துக்கு நீ எழுதிய மனுக்களில் ஒன்றை, போனஸ் விவகாரத்தில் எழுதியதாக இருந்தால் நல்லது, படம் பிடித்து அனுப்பு. அந்தக் குரலில் நான் ஆங்கிலத்தில் எழுதிக்கொள்கிறேன். அவன் புது முதலாளி அந்த 30 நாள் தாளைப் போன வாரம்தான் அனுப்பினாராம், பத்து மாதத்துக்கு மேல் தாமதமாக.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். குழந்தையின் படம் வரட்டும்.

உன்,
கணக்குப்பிள்ளை